பாண்டத்தைப் போற்றிக் குயவரை மறத்தல்: மெக்சிக்கோ மட்பாண்டச் சேகரிப்புப் பற்றிய ஒரு மறுப்பு

நாட்டார் கலைப்பொருள்களைச் சேகரிப்போர் தம்மைப் பற்றிக் கூறிக்கொள்ளும் கதையொன்றுண்டு. அழியும் நிலையிலிருந்த கலையொன்றைத் தாம் கண்டெடுத்தனர். அதன் அருமையை அதனைப் படைத்தோரே அறியாதிருந்த வேளையில் தாம் அறிந்தனர். தாம் இல்லையேல் அக்கலை மண்ணோடு மண்ணாகியிருக்கும் என்பதே அக்கதையின் சாரம். மெக்சிக்கோவின் பழைய, கையால் வண்ணந் தீட்டிய மட்பாண்டங்களைப் பொறுத்தவரை இக்கதை மிக ஆழமாக வேரூன்றியுள்ளது. ஏல விற்பனைப் பட்டியல்களும், நூதனசாலைக் கையேடுகளும், படங்கள் நிறைந்த விலையுயர்ந்த நூல்களும் இதனையே திரும்பத் திரும்பக் கூறுகின்றன. இக்கதையிற் பாதி உண்மை. பாண்டங்கள் காப்பாற்றப்பட்டமை உண்மையே. ஆயின் அவற்றைச் செய்தோர் என்ன ஆயினர் என்னும் வினாவை அது எழுப்புவதேயில்லை. அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சேகரித்தல் என்னும் செயலை நான் ஈண்டு மறுக்கவில்லை. அழகிய பொருளொன்றை விரும்பி வாங்கிப் பேணுதல் குற்றமாகாது. பழைமையையும் பெயரின்மையையும் மதிப்பின் அளவுகோல்களாகக் கொள்ளும் சேகரிப்பு முறையையே மறுக்கின்றேன். அம்முறை குயவரின் பெயரையும், அவருக்குச் சேரவேண்டிய விலையையும், சிலவேளை அவர்தம் உடல்நலத்தையுமே விலையாகக் கேட்கின்றது.

சேகரிக்கப்படும் பாண்டங்கள் எவை என்பதை முதலில் நோக்குவோம். மேற்கு மெக்சிக்கோவின் ஹலிஸ்கோ மாநிலத்திற் குவாதலஹாரா நகரை அடுத்துத் தொனலா, திலாக்கேபாக்கே என்னும் இரு குயவர் ஊர்கள் உள்ளன. தொனலாவின் சிறப்பு, மெருகுப்பூச்சின்றிக் கல்லாலே தேய்த்துத் தேய்த்து ஒளியேற்றப்படும் பாண்டமாகும். சாம்பல், இளஞ்சிவப்பு, நீலம் முதலான மங்கிய நிறங்களிற் பூக்களும் பறவைகளும் விலங்குகளும் அதில் தீட்டப்படும். உருவங்களுக்கு இடைப்பட்ட வெளி முழுவதையும் பாய்ப் பின்னல் போன்ற நுண்ணிய குறுக்குக் கோடுகளால் நிரப்பும் வேலைப்பாடும் அங்குண்டு. பாயைக் குறிக்கும் சொல்லடியாகவே அதற்குப் பெத்தத்தியோ என்ற பெயரும் வந்தது. நாட்டின் நடுப்பகுதியிலுள்ள புவெப்லா நகரிலோ வெள்ளீய மெருகுப்பூச்சின்மேல் நீலந் தீட்டும் தலவெராப் பாண்டம் புகழ்பெற்றது. இவையே சேகரிப்பாளர் பெரிதும் நாடும் வகைகள்.

இக்கலை எவராலும் அறியப்படாது மூலையிற் கிடந்தது என்பது முதற் பொய். பதினேழாம் நூற்றாண்டிலேயே தொனலாவின் நறுமணக் களிமண் கலங்கள் கடல் கடந்து ஐரோப்பாவுக்குச் சென்றன. அவற்றில் ஊற்றிய நீர் மண்வாசனை பெற்றுக் குளிர்ந்திருந்தது. ஸ்பானிய உயர்குடிப் பெண்டிர் அந்நீரைப் பருகியதோடு நில்லாது, கலத்தின் ஓட்டையே கடித்துத் தின்றனர் என்பது வரலாற்றுச் செய்தி. அக்காலத்தவரான ஒஞாத்தே கோமாட்டி திரட்டிய கலங்களை இன்றும் மத்ரித் நகரின் அமெரிக்க நூதனசாலையிற் காணலாம். வெலாஸ்கேஸ் 1656ஆம் ஆண்டில் தீட்டிய அரசிளங்குமரியின் புகழ்மிகு ஓவியத்திலும், பணிப்பெண் ஒருத்தி செந்நிற மட்குடுவையொன்றைத் தட்டில் ஏந்தி நீட்டுகின்றாள். ஆக, தொனலாக் குயவர் வெளியுலகச் சந்தைக்காகப் பாண்டம் வனைந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றது. இருபதாம் நூற்றாண்டுச் சேகரிப்பாளர் அவர்களைக் ‘கண்டுபிடித்தனர்’ என்பது, கொலம்பசு அமெரிக்காவைக் கண்டுபிடித்தான் என்பது போன்றதே.

கலப்பற்ற தூய மரபு என்பது இரண்டாவது பொய். புவெப்லாவின் வெள்ளீயப் பூச்சு முறை, இசுலாமிய உலகிலிருந்து ஸ்பெயினுக்கும் ஸ்பெயினிலிருந்து மெக்சிக்கோவுக்கும் வந்தது. அதன் நீலமோ சீனத்துப் பீங்கானைப் பார்த்து வந்தது. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அக்கபுல்கோவுக்கும் இடையே ஓடிய கப்பல்கள் சீனப் பீங்கானை மெக்சிக்கோவிற் கொண்டுவந்து குவித்தன. புவெப்லாக் கைவினைஞர் அதனைக் கண்டனர். தம் சக்கரத்திலும் தம் தூரிகையிலும் அதற்கு விடையளித்தனர். வந்தவற்றையெல்லாம் தன்வயமாக்கும் ஆற்றலே அம்மரபின் உயிர். அதனை ‘மாறா மரபு’ என்று புகழ்வோர், குயவரிடமிருந்து சிந்தனையைப் பறித்துக்கொண்டு கையை மட்டுமே விட்டுவைக்கின்றனர்.

மூன்றாவது பொய்யே மிகவும் தீங்கானது. நாட்டார் கலை இயல்பாகவே பெயரற்றது, கூட்டு மனத்தின் வெளிப்பாடு என்பர். செய்தவர் பெயர் தெரியாமை ஒரு குறையாக அன்றி ஒரு சிறப்பாகவே பேசப்படுகின்றது. ஆயின் பெயரின்மை இயற்கையானதன்று. சட்டத்தாலும் சந்தையாலும் உண்டாக்கப்பட்டது. புவெப்லாக் குயவர் சங்கம் 1653ஆம் ஆண்டளவில் வகுத்த விதிகளை நோக்குக. கைதேர்ந்த ஆசான் ஒவ்வொருவரும் தத்தம் அடையாளக் குறியைப் பாண்டத்தில் இடவேண்டும் என்று அவை விதித்தன. அதே விதிகள், கறுப்பரும் கலப்பினத்தவரும் ஆசான் நிலைக்குரிய தேர்வில் அமர்வதைத் தடுத்தன. குறியிடும் உரிமை ஒருசாரார்க்கு உரியதாயிற்று. உழைப்பு மட்டும் எல்லார்க்கும் பொதுவாயிற்று. பெயரற்ற பாண்டத்திற் கூட்டு மனத்தைத் தேடுவோர் முதலில் இந்த விதியைத் தேடிப் படித்தல் நன்று.

அண்மைக் காலச் சான்றொன்றையும் காண்போம். இன்று ‘பழைய மெக்சிக்கோ நாட்டார் பாண்டம்’ என விலைபேசப்படுவனவற்றுள் ஒரு பெரும்பகுதி 1920களுக்கும் 1940களுக்கும் இடையில் அமெரிக்க உல்லாசப் பயணிகளுக்கென்றே செய்யப்பட்டது. 1936இல் அமெரிக்க எல்லையிலுள்ள லரேடோவிலிருந்து மெக்சிக்கோ நகருக்கு நெடுஞ்சாலை திறக்கப்பட்டபின் அச்சந்தை மேலும் பெருகிற்று. அகன்ற தொப்பியால் முகத்தை மறைத்துக் கள்ளிச் செடியின் அடியில் உறங்கும் மனிதன் அப்பாண்டங்களில் அடிக்கடி காணப்படும் உருவம். விடியுமுன் எழுந்து மண் மிதித்த ஒருவர், வாங்குவோன் விரும்பினான் என்பதற்காகத் தம் இனத்தவனைச் சோம்பேறியாகத் தீட்டிக் கொடுக்க நேர்ந்தது. அதனை இன்று மெக்சிக்கோ மக்களின் ஆன்ம வெளிப்பாடு என்று சொல்லி வாங்குகின்றனர். வாங்குவோன் அங்கு காண்பது தன் சொந்த மனத்தின் பிரதிபலிப்பையே.

அப்பாண்டங்களிற் பலவற்றைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ‘மெக்சிக்கோவிற் செய்யப்பட்டது’ என்ற முத்திரையைக் காணலாம். இறக்குமதிப் பொருள் ஒவ்வொன்றும் பிறந்த நாட்டின் பெயரைத் தாங்கவேண்டும் என அமெரிக்கச் சுங்கச் சட்டம் கேட்டது. செய்தவரின் பெயரை எச்சட்டமும் கேட்கவில்லை. சேகரிப்பாளர் அம்முத்திரையைக் கொண்டே பாண்டத்தின் காலத்தைக் கணிக்கின்றனர். நாட்டின் பெயரை வாசிக்கும் கண்ணுக்குக் குயவரின் பெயர் இல்லாமை உறுத்துவதில்லை.

பெயரை அறிய வழியே இருக்கவில்லை என்று வாதிடுவாரும் உளர். எட்வேட் வெஸ்ரன் என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் 1926இல் தொனலாக் குயவர் ஒருவரின் கையைப் படம் பிடித்தார். அப்படத்தின் தலைப்பிலேயே அமாதோ கல்வான் என்ற அக்குயவரின் பெயர் உள்ளது. கேட்டவருக்குப் பெயர் கிடைத்தது. கேளாதவர்களே ‘பெயர் தெரியாதவர்’ என்று எழுதி வைத்தனர்.

இச்சேகரிப்பு ஒரு பெருஞ் செல்வாக்குள்ள இயக்கமாக வளர்ந்த வரலாறும் மனங்கொளத்தக்கது. புரட்சிக்குப் பிந்திய மெக்சிக்கோ அரசு, விடுதலை நிறைவேறிய நூற்றாண்டு விழாவையொட்டி 1921இல் மெக்சிக்கோ நகரில் நாட்டார் கலைக் கண்காட்சியொன்றை நடத்தியது. அத்லு என்ற புனைபெயர் கொண்ட ஓவியர் கெரார்தோ முரியோ அவ்வாண்டிலேயே அது பற்றிய நூலையும் வெளியிட்டார். இழிவாகக் கருதப்பட்ட மண்கலத்தைத் தேசியச் செல்வமாக உயர்த்திய அம்முயற்சியின் பெருமையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. எனினும், தேசத்தின் ஆன்மாவாகப் பாண்டம் உயர்ந்தபோது அதற்கு உரியவர் தேசமே என்றாயிற்று. குயவர் அத்தேசத்தின் கருவியாகவே எஞ்சினார்.

அடுத்த கட்டம் எல்லைக்கு வடக்கே நிகழ்ந்தது. 1927 முதல் 1930 வரை மெக்சிக்கோவில் அமெரிக்கத் தூதராக இருந்த டுவைற் மொரோ, அதற்குமுன் மோர்கன் வங்கி நிறுவனத்தின் பங்காளராக விளங்கியவர். எண்ணெயும் நிலமும் பற்றி இரு நாடுகளுக்குமிடையே கசப்பு நிலவிய காலம் அது. அக்கசப்பை ஆற்றும் மருந்துகளுள் ஒன்றாகக் கலை பயன்பட்டது. மொரோவின் ஆதரவோடு ரெனே டானன்கூர் ஒழுங்குசெய்த மெக்சிக்கோக் கலைக் கண்காட்சி 1930இல் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலையில் திறக்கப்பட்டுப் பல நகரங்களுக்குச் சென்றது. எண்ணெய்க் கிணறுகள் பற்றிப் பேசுதல் கடினமாயிருந்த வேளையில் மட்பாண்டங்கள் பற்றிப் பேசுதல் இனிதாயிருந்தது.

இயக்கத்தின் தலைசிறந்த சேகரிப்பாளராகப் போற்றப்படுபவர் நெல்சன் ரொக்பெல்லர். 1933இல் முதன்முறை மெக்சிக்கோ சென்ற அவர், 1979இல் இறக்கும்வரை ஏறத்தாழ மூவாயிரம் நாட்டார் கலைப்பொருள்களைத் திரட்டினார். அவை பின்னர் ரெக்சாசின் சன் அன்ரோனியோ நூதனசாலைக்கும் சன் பிரான்சிஸ்கோவிலுள்ள மெக்சிக்கோ நூதனசாலைக்கும் சென்றன. அதே 1933ஆம் ஆண்டில் நிகழ்ந்த பிறிதொன்றையும் நினைவிற் கொள்வோம். நியூயோர்க்கில் ரொக்பெல்லர் நிலையத்தின் சுவரில் மெக்சிக்கோ ஓவியர் தியேகோ ரிவேரா தீட்டிய ஓவியத்தில் லெனினின் முகம் இடம்பெற்றது. அதனை மாற்றுமாறு இதே நெல்சன் ரொக்பெல்லர் கேட்டார், ரிவேரா மறுத்தார், வேலை நிறுத்தப்பட்டது. 1934 பெப்ரவரியில் அச்சுவரோவியம் உடைத்து நொறுக்கப்பட்டது. பெயருள்ள, கருத்துள்ள, மறுத்துப் பேசும் மெக்சிக்கோக் கலைஞனின் படைப்பு சுத்தியலுக்கு இரையாயிற்று. பெயரற்ற, பேசாத மெக்சிக்கோக் குயவரின் பாண்டமோ கண்ணாடிப் பேழையில் இடம்பெற்றது. ரொக்பெல்லர் நாட்டார் கலையை நேசித்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயின் எத்தகைய கலைஞனை அந்நேசம் தாங்கிக்கொள்ளும் என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒருங்கே காட்டுகின்றன.

இனிப் பழைமை என்னும் அளவுகோலை நோக்குவோம். ஒரு பாண்டம் நூறாண்டு கடந்ததாயின் ஒரு விலை. அதே மண்ணில், அதே கைத்திறத்தில், நேற்றுச் செய்யப்பட்டதாயின் வேறு விலை. இவ்வளவுகோலின் அபத்தத்தை, வண்ணப் பாண்டத்துக்கு அயலான பண்டைய மட்சிற்பத் துறையில் நிகழ்ந்த ஒன்று தெளிவாக்குகின்றது. வெராக்குரூஸ் மாநிலத்துக் கைவினைஞரான பிரிகிதோ லாரா 1974இற் கைதுசெய்யப்பட்டார். ஸ்பானியர் வருகைக்கு முற்பட்ட புதைபொருள்களைத் திருடி விற்றார் என்பது குற்றச்சாட்டு. அவையனைத்தும் தாம் செய்தவை என்றார் லாரா, எவரும் நம்பவில்லை. சிறைக்குக் களிமண் கொண்டுவரச் செய்து, அவற்றை ஒத்த உருவங்களை அங்கேயே வனைந்து காட்டியபின்னரே அவர் விடுவிக்கப்பட்டார். பின்னர் வெளிநாட்டு நூதனசாலைகள் சிலவற்றிற் பண்டைக் கலையாக வைக்கப்பட்டிருந்த உருவங்கள் தாம் செய்தவையே என்றும் அவர் அடையாளங் காட்டினார். ஆயிரம் ஆண்டுப் பழைமை உடையது எனக் கருதப்பட்டபோது அப்பொருள் வியக்கத்தக்க கலையாயிருந்தது. உயிரோடிருக்கும் ஓர் ஏழை செய்தது எனத் தெரிந்ததும் அது போலியாயிற்று. மண்ணும் வடிவும் மாறவில்லை. செய்தவன் உயிரோடிருந்தான் என்பதே அதன் குற்றம்!

பெயரும் விலையும் மட்டுமே இழப்பாயிருப்பின் இதனை ஓர் அநீதி என்று கூறி அமையலாம். உடல்நலமும் இழப்பாகும்போது என் செய்வது? மெருகுப்பூச்சிடப்படும் பல மெக்சிக்கோப் பாண்டங்களிற் காரீயம் உள்ளது. கிரேத்தா எனப்படும் காரீய ஒட்சைட்டு, மணற்சத்து உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைக் குறைக்கும். ஆதலால் விறகுச் சூளையின் தாழ்ந்த சூட்டிலேயே பாண்டம் கண்ணாடிபோல் ஒளிபெறும். உயர்ந்த சூடு தரும் அடுப்புக்கு முதலில்லாத குயவருக்கு இது எளிய வழி. ஆயின் சூடு போதாதபோது காரீயம் முற்றாகப் பிணைவதில்லை; தேசிக்காய்ச் சாறு, தக்காளி, வினாகிரி முதலான புளிப்புப் பொருள்கள் அதனைக் கரைத்தெடுக்கும். இது பாண்டத்தில் உண்போர்க்கு நேரும் தீங்கு. பூச்சைக் கலக்கும் குயவரும், அதே முற்றத்தில் விளையாடும் அவர்தம் பிள்ளைகளும் அதன் தூளையே சுவாசிக்கின்றனர். காரீயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்பது மருத்துவம் ஐயமற நிறுவிய உண்மை.

இதற்குச் சேகரிப்புலகம் கூறும் அறிவுரை யாது? பழைய பாண்டத்தில் உணவு பரிமாறாதீர். சுவரில் மாட்டி அழகு பாருங்கள் என்பதே. அமெரிக்க அரசும் இறக்குமதிப் பாண்டத்திலிருந்து கசியும் காரீயத்துக்கு 1970களிலிருந்து வரம்பு விதித்துத் தன் குடிமக்களைக் காத்துக்கொண்டது. உண்பவருக்கு எச்சரிக்கை உண்டு, செய்பவருக்கு இல்லை. மெக்சிக்கோவில் 1974இல் நிறுவப்பட்ட கைவினை வளர்ச்சி நிதியமும் பிற அமைப்புகளும் காரீயமற்ற பூச்சுகளைப் பரப்ப முயன்றுள்ளன. ஆயினும் பழக்கமும், பூச்சின் விலையும், சூளையை மாற்றும் செலவும் அம்முயற்சிக்குத் தடையாகின்றன. பழைய மினுமினுப்பையே அசலின் அடையாளமாகப் போற்றும் இரசனை, அத்தடைகளோடு மேலும் ஒன்றைச் சேர்க்கின்றது. குயவர் நஞ்சை விட்டுவிட்டால் அவர் பாண்டம் ‘மரபு கெட்டது’ எனப்படும். இத்தகைய மரபுப் பற்று எவருக்கு நன்மை பயக்கும்?

எதிர்வாதத்தை நேர்மையுடன் எதிர்கொள்ளுதல் வேண்டும். சேகரிப்பாளர் இல்லையேல் எத்தனையோ அரிய பாண்டங்கள் உடைந்தழிந்திருக்கும். இன்றைய குயவர்தாமும் முன்னோரின் வேலையைக் கண்டு கற்க வழியிராது என்பர். இதனை நான் ஏற்றுக்கொள்கின்றேன். ஆயின் வேறுவகைச் சேகரிப்பும் இயலும் என்பதற்கு மெக்சிக்கோவிலேயே சான்றுண்டு. 1976ஆம் ஆண்டு ஸ்பென்சர் மக்கலம் என்னும் அமெரிக்கர், நியூ மெக்சிக்கோவிலுள்ள டெமிங் என்ற சிற்றூரின் பழம்பொருட் கடையில் வண்ணந் தீட்டிய பானைகள் சிலவற்றைக் கண்டார். அவற்றிற் பெயர் இல்லை. வாங்கிச் சென்று பேழையில் வைத்து, பெயர் தெரியாத பண்டை மரபு என்று எழுதியிருக்கலாம். அவரோ, இதனைச் செய்தவர் யார் என்று வினவி எல்லையைக் கடந்தார். சிவாவா மாநிலத்தில் மாத்தா ஒர்த்தீஸ் என்னும் வறிய கிராமத்தில் அக்குயவரைக் கண்டார். அவரே ஹுவான் கெசாதா. விறகு தேடித் திரிந்த இளமைக்காலத்திற் கண்ட பாக்கிமே நாகரிகத்தின் ஓடுகளைப் பார்த்து, ஆசானின்றித் தாமே முயன்று மண்ணும் நிறமும் சூளையும் பற்றிக் கற்றவர் அவர். மனித மயிராற் செய்த தூரிகைகொண்டு தீட்டியவர். மக்கலம் அவருக்கு ஆதரவளித்தார். பானைகள் குயவரின் பெயரோடு உலகை அடைந்தன. கெசாதா தம் குடும்பத்தாருக்கும் அயலாருக்கும் அத்தொழிலைக் கற்பித்தார். நூற்றுக்கணக்கானோர் அதனாற் பிழைக்கும் ஊராக அது மாறியது. 1999இல் மெக்சிக்கோவின் தேசியப் பரிசும் அவருக்குக் கிடைத்தது. 2022இல் அவர் மறைந்தபோது உலகம் ஒரு கலைஞர் மறைந்தார் என்றே எழுதியது. கடையில் நின்ற ஒருவர் கேட்ட ஒரு வினா இத்தனைக்கும் வழி திறந்தது.

கையொப்பம் ஒன்றே முழுத் தீர்வு என்று நான் கூறவரவில்லை. தொனலாவில் கல்லாற் பாண்டத்தைத் தேய்த்து ஒளியேற்றும் கடும் உழைப்பு பெரும்பாலும் பெண்களுடையது. மண் எடுப்போர், மிதிப்போர், சூளை அடுக்குவோர் எனப் பலர் சேர்ந்தே ஒரு பாண்டம் உருவாகின்றது. ஒருவர் பெயர் மட்டும் அடியில் இருப்பின், பெயரின்மை குடும்பத்துக்குள்ளேயே வேறொரு வடிவில் தொடரும். எனவே பெயரைக் கேட்பதோடு அமையாது, யார் யாருடைய கை இதிற் பட்டது, அவரவர்க்கு என்ன கிடைத்தது, பூச்சில் என்ன கலந்தது என்பனவற்றையும் கேட்டல் வேண்டும்.

ஆனந்த குமாரசுவாமி 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றி எழுதியபோது, வடிவங்களை வருணிப்பதோடு அமையாது, கைவினைஞரின் வாழ்க்கை, நிலம், ஊதியம், சமூகநிலை ஆகியவற்றையும் ஆராய்ந்தார். அவர் முடிபுகள் அனைத்தையும் நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆயின் கலையைக் கைவினைஞனின் வாழ்விலிருந்து பிரித்து நோக்கலாகாது என்ற அடிப்படை, அதே ஆண்டிலிருந்து நமக்குக் கிடைத்துள்ள பாடம். நாட்டார் கலையை ஆராயும் மாணவரும் ஆசிரியரும் அப்பாடத்தை மறந்து, ‘பெயரற்ற மக்கள் கலை’ என்ற தொடரைப் பெருமிதத்தோடு எழுதும்போது, ஏலக்காரனின் மொழியையே ஆய்வின் மொழியாக ஏற்றுக்கொள்கின்றனர்.

பாண்டம் உடையக்கூடியது, ஆதலால் அதனைப் பஞ்சிற் பொதிந்து காக்கின்றனர். அதனை வனைந்தவரும் உடையக்கூடியவரே. இனி எந்த நூதனசாலையிலேனும் வண்ணந் தீட்டிய மெக்சிக்கோப் பாண்டமொன்றின் முன் நிற்க நேரின், அதன் அழகைக் கண்குளிரக் காணுங்கள். பின்னர் அருகிலுள்ள அட்டையைப் படியுங்கள். அதிற் சேகரித்தவரின் பெயரும் வழங்கியவரின் பெயரும் இருந்து, வனைந்தவரின் பெயர் மட்டும் இல்லையாயின், அங்குள்ள அதிகாரியிடம் சென்று அப்பெயரைக் கேளுங்கள்.